எஸ்எம்பிஎஸ் போச்சா? டெஸ்ட் பண்ணிட்டு மாத்துங்க!



போன செமஸ்டர் லீவுக்கு ஆலங்குடி பக்கம் எங்க ஊருக்குப் போயிருந்தேன். அப்பாவோட சின்ன ஜெராக்ஸ் கடையில இருக்கிறது ஒரே ஒரு டெஸ்க்டாப். காலேஜ் அப்ளிகேஷன் போட பசங்க வரிசையில நிக்கிற நேரம். அன்னைக்குப் பார்த்து பட்டனை அழுத்தினா ஃபேன்கூடச் சுத்தல. பார்க்க வந்தவர், "மதர்போர்டு போயிருச்சு, புதுசா வாங்கிருங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டார். அப்பா ஒண்ணும் பேசல. மூணு வருஷமா சர்க்யூட் படிச்சது எதுக்குன்னு நானே கேபினெட்டைத் திறந்தேன். போனது எஸ்எம்பிஎஸ் மட்டும்தான்!

ஏன் போகுது?

230 வோல்ட் ஏசியை 12, 5, 3.3 வோல்ட் டிசியாக மாற்றித் தருவதுதான் எஸ்எம்பிஎஸ்ஸின் வேலை. லைனில் வரும் அடியை முதலில் வாங்குவதும் அதுதான். 2018 நவம்பர் 16 கஜா புயலில் நம்ம மாவட்டத்தில் எத்தனை கம்பங்கள் சாய்ந்தன என்று நினைவிருக்கும். அப்படி நியூட்ரல் கம்பி அறுந்தால், சிங்கிள் ஃபேஸ் வீட்டில்கூட வோல்டேஜ் 400 வரை ஏறலாம்.

முதலில் டெஸ்ட்

1. பிளக், பவர் கேபிள் இரண்டையும் வேறு மிஷினில் போட்டுப் பாருங்க.
2. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து போகும் எல்லா கனெக்டரையும் கழற்றுங்க.
3. 24 பின் கனெக்டரில் பச்சை வயரையும் ஏதாவது ஒரு கறுப்பு வயரையும் பேப்பர் கிளிப்பால் இணைத்து, பிறகு பவர் கொடுங்க.
4. மல்டிமீட்டரில் மஞ்சள் 12, சிவப்பு 5, ஆரஞ்சு 3.3 வோல்ட் காட்டணும். 5% கூடக்குறைய இருக்கலாம். ஊதா வயரில் கிளிப் இல்லாமலே 5 வோல்ட் வரணும். எனக்கு அதிலேயே ஜீரோ!

பெட்டியை மட்டும் பிரிக்காதீங்க. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

எதை வாங்குவது?

ஸ்டிக்கரில் பெரிதாகப் போட்டிருக்கும் வாட்ஸை நம்பாதீங்க. 12 வோல்ட்டுக்கு எதிரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்க. எங்க பழைய பெட்டியில் "450 வாட்ஸ்". 12 வோல்ட்டில் வெறும் 14 ஆம்பியர். பெருக்கினால் 168 வாட்ஸ்தான்! கிராபிக்ஸ் கார்டு இல்லாத சாதாரண மிஷினுக்கு நல்ல கம்பெனி 400 வாட்ஸ் தாராளம். கார்டு இருந்தால், அந்த கார்டு கம்பெனி சொல்லும் வாட்ஸுக்குக் குறையாமல் வாங்குங்க.

80 பிளஸ் முத்திரை, கரண்ட் எவ்வளவு வீணாகாமல் போகிறது என்பதைத்தான் சொல்லும். அதனால் ஓவர் வோல்டேஜ், ஷார்ட் சர்க்யூட் பாதுகாப்பு இருக்கா என்று தனியாகப் பாருங்க. சின்ன சைஸ் பிராண்டட் மிஷின்களில் எஸ்எம்பிஎஸ் அளவும் கனெக்டரும் வேறாக இருக்கும். பழசைக் கையோடு கொண்டுபோவது நல்லது. நான் திருச்சிக்கு அப்படித்தான் பஸ் ஏறினேன்.

மாட்டும்போது

- கழற்றும் முன் ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்குங்க.
- பின்னால் 115/230 சிவப்பு சுவிட்ச் இருந்தால் 230-இல் இருக்கணும். 115-இல் வைத்து ஆன் பண்ணினால் வெடிதான்.
- பிராசஸர் பக்கத்தில் போகும் 4+4 பின்னும், கிராபிக்ஸ் கார்டுக்கான 6+2 பின்னும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். போகலன்னா அழுத்தித் திணிக்காதீங்க.
- மாடுலர் டைப் என்றால் பழைய கேபிளைப் புதுசில் போடாதீங்க. கம்பெனிக்குக் கம்பெனி பின் வரிசை மாறும். 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 போனால் ஹார்ட் டிஸ்க்கோடு உங்க பிராஜெக்ட்டும் காலி.
- கேபினெட்டைத் தொட்டால் சுர்ருன்னு இருந்தால் எர்த் சரியில்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க.

எல்லாம் மாட்டி பட்டனைத் தட்டினதும் 'பீப்' சத்தம். மதர்போர்டுக்கு ஒண்ணுமே ஆகல, கடை ஃபைல்கள் எல்லாம் பத்திரம். மறுநாள் காலையில் அப்பா கடையைத் திறந்தார். மதர்போர்டுன்னு சொன்னவர் மேல கோபம் இல்லை. அஞ்சு நிமிஷம் மீட்டர் வெச்சிருந்தா அவருக்கே தெரிஞ்சிருக்கும். நாளைக்கு ஹாஸ்டல்ல யாராவது "மிஷின் செத்துருச்சு மச்சி"ன்னு வந்தா, நீங்க முதல்ல அந்த ஊதா வயரைப் பாருங்க!