சாயநீரும் சூரிய ஒளியும்

புதுச் சேலையை முதன்முறை நனைக்கும்போது வாளி நீர் சிவந்துபோவதைக் கண்டிருப்பீர்கள். எங்கள் ஊராகிய லப்பைக்குடிக்காட்டில் அந்நீரை முற்றத்தில் கொட்டிவிட்டு மறந்துவிடுகிறோம். ஓர் ஊரின் சாயப்பட்டறைகள் அனைத்தும் ஒரே ஆற்றில் கொட்டினால் என்னவாகும்?

திருப்பூர் நொய்யலாறு இதற்குச் சான்று. பாசனத்திற்காகக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியது. கிணற்று நீரும் கெட்டது. உழவர்கள் நீதிமன்றம் சென்றனர். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது.

வெயிலிலும் துவைப்பிலும் நிலைக்கவேண்டும் என்றே சாயம் செய்யப்படுகிறது. ஆதலால் நீரில் கலந்தபின் அது எளிதில் சிதைவதில்லை. அதைச் சிதைக்க விஞ்ஞானிகள் கண்ட வழிகளுள் ஒன்று ஒளிவினையூக்கி. தான் செலவாகாமல், ஒளியின் துணையால் வினையை விரைவுபடுத்தும் பொருள் இது. வெள்ளை பெயிண்டில் சேரும் டைட்டானியம் டை ஆக்சைடு இவ்வகையைச் சேர்ந்தது. ஒளிபட்ட இப்பொருள் நீரைப் பிரிக்கவல்லது என்று ஜப்பானிய விஞ்ஞானிகள் புஜிஷிமாவும் ஹோண்டாவும் 1972இல் வெளியிட்டனர்.

புற ஊதாக் கதிர் பட்டதும் அதிலுள்ள எலக்ட்ரான் கிளர்ந்து இடம்பெயர்கிறது. அதனால் நீரிலிருந்து ஹைட்ராக்சில் என்னும் தீவிரத் துகள் தோன்றிச் சாய மூலக்கூறைத் துண்டாடுகிறது. வினை முழுமையடைந்தால் பெரும்பாலும் கரியமில வாயுவும் நீருமே எஞ்சும்.

பொடியாகக் கலந்தால் வேலை விரைவாக நடக்கும். ஆனால் மாவினும் நுண்ணிய அப்பொடியைத் திரும்ப வடித்தெடுப்பது அரும்பாடு. ஆகவே அதைக் கண்ணாடி, பீங்கான் முதலியவற்றின்மேல் மெல்லிய பூச்சாகப் படியவைத்துச் சூடேற்றுகின்றனர். அதன்மீது சாயநீரை வழியவிட்டால் போதும். பூச்சை மீண்டும் மீண்டும் பயன்படுத்தலாம். குறையும் உண்டு. நீர் படும் பரப்பு குறைவதால் வேகம் தணியும். சாயம் அடர்ந்திருந்தால் ஒளி உள்ளே புகாது. சூரிய ஒளியில் புற ஊதாக் கதிரோ நூற்றுக்கு 5 பங்களவே.

இன்னொன்றையும் மறக்கலாகாது. பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பை மிகுதியாகச் சேர்க்கிறார்கள். ஒளிவினையூக்கி நிறத்தைப் போக்கும், உப்பைப் போக்காது. நொய்யல் பாசன நிலத்தைக் கெடுத்ததில் அவ்வுப்புக்குப் பெரும் பங்குண்டு. உப்பைப் பிரிக்கச் சவ்வு வடிகட்டியும், நீரை ஆவியாக்கும் கலன்களும் வேண்டும்.

தோழியரே! தெளிந்த நீரெல்லாம் தூய நீராகாது. எங்கள் ஊர் அருகே ஓடும் வெள்ளாற்றைக் காணும்போதெல்லாம் எனக்கு நொய்யலின் நினைவு வருகிறது. கெட்ட ஆற்றை மீட்பதினும் கெடாமல் காப்பது எளிது.