முதலில் தூங்குவது யார்?

"அவருக்கு க்ரைம்தான் பிடிக்கும், எனக்குக் குடும்பக் கதை. ரெண்டு பேரும் சேர்ந்து பார்க்கிற மாதிரி ஒரு சீரிஸ் சொல்லுங்களேன்" என்று கேட்பவர்களிடம் நான் பதிலுக்குக் கேட்பது இதுதான்: ராத்திரி எத்தனை மணிக்கு டிவி முன்னால் உட்காருவீர்கள்? உங்களில் முதலில் தூங்குவது யார்?

ரசனை பெரிய பிரச்சினையே இல்லை. க்ரைம் ஆகவே ஆகாது என்பவர்கூட, கதையில் வரும் குடும்பம் பிடித்துப்போனால் கொலைகாரன் யாரென்று தெரியாமல் எழுந்திருக்க மாட்டார். சண்டை வருவது வேறு இடத்தில். ஒருவர் எட்டரைக்கே சாப்பிட்டுவிட்டு ரிமோட்டோடு உட்கார்ந்திருப்பார். இன்னொருவர் பாத்திரம் விளக்கி, மாவை எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்து, பிள்ளையைத் தூங்கப்பண்ணிவிட்டு வரும்போது மணி பத்தேகால். (அந்த வேலையை இரண்டு பேருமாகச் செய்தால் ஒரு எபிசோடுக்கு நேரம் கிடைக்கும் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.) அந்த நேரத்தில் ஒன்றேகால் மணி நேர எபிசோடைப் போட்டால் பாதியில் ஒரு தலை சாய்ந்துவிடும். மறுநாள் "என்னை விட்டுட்டு முழுசாப் பாத்துட்டீங்கல்ல?" என்று ஆரம்பிக்கும்.

அதனால் கதையைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு எபிசோட் எத்தனை நிமிஷம் என்று பாருங்கள். வாரநாள் ராத்திரிக்கு அரைமணியிலிருந்து நாற்பது நிமிஷம், அதற்கு மேல் வேண்டாம். இந்த அளவுக்குக் கச்சிதமாகப் பொருந்துவது இந்தி 'பஞ்சாயத்'. 2020இல் ப்ரைம் வீடியோவில் வந்தது. வேறு நல்ல வேலை கிடைக்காமல் கிராமப் பஞ்சாயத்துச் செயலாளராகப் போய்ச் சேரும் பட்டதாரிப் பையனின் கதை. முதல் சீசனில் எட்டே எபிசோட். இந்தி ஒத்துவராது என்றால் அதன் தமிழ் வடிவமான 'தலைவெட்டியான் பாளையம்' (2024) இருக்கிறது. அதை இயக்கியவர் 'மர்மதேசம்' நாகா. தொண்ணூறுகளில் அவருடைய 'விடாது கருப்பு'வில் நடித்த சேத்தனும் தேவதர்ஷினியும் நிஜத்திலும் கணவன் மனைவி. இதிலும் ஜோடியாக வருகிறார்கள். அன்று அந்தத் தொடரைப் பயந்து பயந்து பார்த்த தலைமுறைக்கு இது ஒரு கூடுதல் கொசுறு.

அடுத்து மொத்தக் கணக்கு. 'ப்ரேக்கிங் பேட்' நல்ல தொடர்தான், மறுப்பில்லை. ஆனால் அதில் 62 எபிசோட். வாரத்துக்கு மூன்று பார்த்தாலே ஐந்து மாதம் ஓடும். நடுவில் பரீட்சை வரும், ஊர்த் திருவிழா வரும், மாமியாருக்குக் கண் ஆபரேஷன் வரும். முதன்முதலாகச் சேர்ந்து பார்க்க உட்காரும் ஜோடி எட்டு அல்லது பத்து எபிசோடில் முடியும் ஒன்றை எடுப்பதே நல்லது. ஒன்றை முழுசாக முடித்த தெம்பு வந்த பிறகு பெரியதில் கைவைக்கலாம். கொரியத் தொடர்களில் பெரும்பாலானவை ஒரே சீசனில், 16 எபிசோட்போல, கதையை முடித்துவிடுவது நமக்கு வசதி. 'ரிப்ளை 1988' மட்டும் 20 எபிசோட், ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட நம்ம ஊர் சினிமாவின் முக்கால்வாசி நீளம். ஒரே சந்தில் குடியிருக்கும் ஐந்து குடும்பங்களின் கதை அது, குழம்புக் கிண்ணம் வீடு வீடாகப் போய்வரும். எனக்கு அதற்கு இணையாக இன்னொன்று கிடைக்கவில்லை. ஆனால் அது ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கானது.

டிவி பார்த்துக்கொண்டே துணி மடிப்பவர், கீரை ஆய்பவர் வீட்டில் உண்டா? அப்படியானால் சப்டைட்டிலை நம்பி எதையும் தொடங்காதீர்கள். கையில் வேலை இருப்பவருக்குக் காது மட்டும்தான் ஓய்வாக இருக்கும். தமிழ் ஒலி இருக்கிறதா என்று மொழிப் பட்டியலில் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

இனி க்ரைம். அவருக்காக ஒன்று எடுக்கத்தான் வேண்டும் என்றால் 'சுழல்' முதல் சீசன் (2022). எழுதியவர்கள் புஷ்கர், காயத்ரி, அவர்களும் தம்பதிதான். சிமென்ட் ஆலை வேலைநிறுத்தம், ஆலையில் தீ, அதே நேரத்தில் தொழிற்சங்கத் தலைவரின் மகள் காணாமல் போவது, பின்னணியில் மயானக் கொள்ளைத் திருவிழா. போலீஸ் கதையாகத் தொடங்கி வீடுகளுக்குள் போய்விடும் என்பதால் இரண்டு தரப்புக்கும் தீனி உண்டு. ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: போகப்போகக் கதையின் கனம் கூடும், பிள்ளைகளுக்கு நேரும் கொடுமையைத் தொடும். அப்படிப்பட்ட காயம் மனதில் இருப்பவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் கேட்டுக்கொண்டு போடுங்கள். எந்தத் தொடரிலும் தொடக்கத்தில் திரை ஓரத்தில் வரும் சின்ன எழுத்தைப் படிக்கும் பழக்கம் நல்லது. 2021ஆம் ஆண்டு விதிகளின்படி ஓடிடித் தொடர்களுக்கு யு, யு/ஏ 7+, 13+, 16+, ஏ என்று தரம் பிரித்து, வன்முறையா, கெட்ட வார்த்தையா என்பதையும் குறிப்பிட வேண்டும். ஹாலில் அப்பா அம்மாவும் உட்காரும் வீடுகளில் இந்த ஒரு வரி பல தர்மசங்கடங்களைத் தவிர்க்கும்.

சேர்ந்து பார்ப்பதால் என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு ஒரு ஆய்வு. அமெரிக்காவில் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் ரொனால்ட் ராக் குழுவினர், மண வாழ்வின் தொடக்கத்தில் இருந்த 174 ஜோடிகளை வைத்துச் செய்தது; 2013 கடைசியில் வெளியானது. சில ஜோடிகளுக்கு முறையான பயிற்சி வகுப்பு. வேறு சில ஜோடிகளுக்குத் தம்பதி உறவைப் பற்றிய சினிமாக்களைப் பார்த்துவிட்டு, கொடுத்த கேள்விகளை வைத்துத் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வேலை, அவ்வளவுதான். மூன்று வருஷம் கழித்துப் பார்த்தால், எதுவும் செய்யாதவர்களில் 24 சதவீதம் பிரிந்திருந்தார்கள். வகுப்புக்குப் போனவர்களிலும் சினிமா பார்த்தவர்களிலும் அது 11 சதவீதம். அந்த எண்ணை அப்படியே நம் வீட்டுக்குப் பொருத்த வேண்டியதில்லை. ஆனால் அவர்கள் படத்தோடு நிறுத்தவில்லை, பிறகு உட்கார்ந்து பேசினார்கள். அதனால் பேச்சுக்கு இடம் தரும் தொடராகப் பாருங்கள். 'த ஃபேமிலி மேன்' நாயகன் உளவுத்துறையில் இருப்பதை மனைவியிடமே மறைப்பவன். மனைவிக்கும் ஒரு ரகசியம் வந்துவிடுகிறது. அதை வைத்துத்தான், லோனாவாலாவில் என்ன நடந்தது என்று தொடரைப் பார்த்த ஊரே கேட்டது. யார் செய்தது தப்பு என்று அவர்களை வைத்துச் சண்டை போட்டுக்கொள்ளலாம். நேருக்கு நேர் கேட்க முடியாத சில கேள்விகள் அப்படித்தான் வெளியே வரும்.

சில சில்லறை ஏற்பாடுகள். நெட்ஃப்ளிக்ஸில் ஐந்து, ப்ரைமில் ஆறு ப்ரொஃபைல் வரை வைத்துக்கொள்ளலாம். இருவருக்கும் பொதுவாக ஒன்றைத் தனியே தொடங்கி, சேர்ந்து பார்ப்பதை அதில் மட்டும் பாருங்கள். ஒருவர் திருட்டுத்தனமாக முன்னால் ஓடினால் அங்கேயே அகப்பட்டுவிடுவார். அதன் அமைப்புகளில் அடுத்த எபிசோட் தானாக ஓடுவதை நிறுத்திவையுங்கள். எபிசோட் முடிவில் போடும் முடிச்சு பெரும்பாலும் அடுத்ததன் முதல் ஐந்து நிமிஷத்திலேயே அவிழ்ந்துவிடும். அதையும் பார்த்துவிட்டு அங்கே நிறுத்தினால் தூக்கம் வரும். இரண்டு எபிசோட் பார்த்தும் ஒருவருக்கு ஒட்டவில்லையா, விட்டுவிடுங்கள். "போகப்போக நல்லா இருக்கும்" என்று இழுத்துப்பிடிப்பதில் பலனில்லை. பிடித்தவர் தன் ப்ரொஃபைலில் தனியே பார்த்து முடிக்கட்டும்.

கணவர் துபாயில், மனைவி இங்கே என்றால் இன்னும் கொஞ்சம் முன்னேற்பாடு வேண்டும். வாட்ஸ்அப்பில் திரையைப் பகிர்ந்து பார்க்கலாம் என்று நினைப்பார்கள். ஓடிடி படம் பெரும்பாலும் கறுப்பாகத்தான் தெரியும், அதற்குப் பூட்டு உண்டு. இருவரும் தனித்தனிப் போனில் போட்டு, ஒன்று இரண்டு மூன்று சொல்லி ஒரே நேரத்தில் அழுத்துவதுதான் வழி. ஒரே தளமானாலும் நாட்டுக்கு நாடு பட்டியல் மாறும், ஆகவே அங்கேயும் அந்தத் தொடர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். அங்கே ஒன்பது மணி என்றால் இங்கே பத்தரை. மறுநாள் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இருக்கும் என்பதால் சனிக்கிழமை ராத்திரிதான் தோது. துபாயிலும் இப்போது சனி, ஞாயிறுதான் வார விடுமுறை.