வாசலுக்கு வந்த பின் கேட்கும் காசு



கொட்டகலையில் இருந்துகொண்டே இன்று வெளிநாட்டுச் சாமான்களை இணையத்தில் ஓடர் செய்கிறோம். பொதி வந்ததும் கூரியர்காரர் கேட்கும் காசுதான் பலரைத் திகைக்க வைக்கிறது.

அந்தக் காசு இரண்டு வகை. ஒன்று, அரசாங்கத்துக்குச் சேரும் வரி. மற்றது, அந்த வரியை உங்களுக்காக முன்கூட்டிக் கட்டி, சுங்கத்தில் பொதியை விடுவித்ததற்குக் கூரியர் கம்பனி எடுக்கும் கூலி.

ஒரு கணக்குப் பார்ப்போம். சாமான் 20,000 ரூபா. அனுப்புக்கூலியும் காப்புறுதியும் 5,000 ரூபா. தீர்வை எதுவும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். வற் வரிக்காக இந்த 25,000 ரூபாவுடன் 10% கூட்டுவார்கள், 27,500 ஆகும். 2024 ஜனவரி முதல் வற் 18%. ஆக வரி 4,950 ரூபா. சாமான் விலைக்கு மட்டும் 3,600 ரூபா ஒதுக்கியவருக்கு 1,350 ரூபா துண்டுவிழும். கூரியர் கூலி இதற்கு மேல்.

ஆகவே நான் சொல்வது இதுதான். விலையில் வரி அடங்குமா என்று விற்பவரிடமும், கூலி எவ்வளவு என்று கூரியரிடமும் முன்பே எழுத்தில் கேளுங்கள். குறைந்தபட்சக் கூலி பொதிக்குப் பொதி விழுமானால், சிறு ஓடர்களை ஒன்றாக எடுப்பது நல்லது. வரியையும் கூலியையும் பிரித்துக் காட்டும் பற்றுச்சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் கூட்டிய பிறகே விற்பனை விலையைப் போடுங்கள்.