நாள் பூரா வேலைதான், ஆனா உடம்பு அசையுதா?

இந்த மாதப் பாடம் உடல் உழைப்பு பற்றியது. "எந்திரிச்சதுல இருந்து படுக்கிற வரைக்கும் வேலைதான், எங்களுக்குப் போய் உடற்பயிற்சியா?" என்று நீங்க சிரிப்பது கேட்குது. கம்பம் பக்கத்தில் ஒரு குழுக் கூட்டத்திலும் இப்படித்தான் சிரிச்சாங்க. சரி, நேற்று என்ன செஞ்சீங்கன்னு ஒவ்வொருத்தரையும் சொல்லச் சொன்னேன்.

ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகும் அக்கா, விடியும் முன்னே சோறாக்கி வச்சிட்டு ஜீப் ஏறுறாங்க. குமுளிக்கு மேலே போய், செடியின் தூரில் குத்தவச்சு காய் எடுக்கணும். திராட்சைத் தோட்டத்து அக்கா, பந்தலுக்கு அடியில் நாள் முழுக்க கையைத் தலைக்கு மேல தூக்கியபடி நிக்கிறாங்க. தையல் அக்கா மிஷினை விட்டு எழுந்திருப்பதே இல்லை. மோட்டார் மாட்டிய பிறகு காலால் மிதிப்பதும் நின்னு போச்சு. நாலாவது அக்கா பெட்டிக்கடையில் உட்கார்ந்திருக்காங்க.

நாலு பேருமே "ஓய்வே இல்லை"ன்னு சொன்னாங்க. நாலும் உண்மைதான். ஆனா முதல் இரண்டு பேருக்குத் தேவை ஓய்வு. மற்ற இருவருக்குத் தேவை நடை.

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன அளவு, பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிடமாவது கொஞ்சம் மூச்சு வாங்கும்படியான அசைவு. அதாவது பேச முடியணும், பாட முடியக் கூடாது. வயல் வேலை, தண்ணீர்க் குடம் சுமப்பது, வேக நடை எல்லாம் இதில் சேரும். 2022 நிலவரப்படி இந்தியாவில் இந்த அளவை எட்டாதவர்கள் 100 ஆண்களில் 42 பேர், 100 பெண்களில் 57 பேர் என்று அந்த நிறுவனமே கணக்குச் சொல்லுது. அசைவு குறைந்தால் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, மாரடைப்பு வரும் வாய்ப்பு கூடும்.

பெண்கள் சோம்பேறிகளா? இல்லவே இல்லை. மத்திய அரசின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதுக்கு மட்டும் நாளுக்கு 299 நிமிடம் செலவிடுறாங்க. ஆண்கள் 97 நிமிடம். நேரம் பூரா அடுப்படியில் போகுது, ஆனா அடுப்பு முன்னே நிற்பது நடை ஆகாது. அம்மி, ஆட்டுக்கல் போய் மிக்ஸி, கிரைண்டர் வந்தாச்சு. நல்லதுதான், மிச்சமான நேரம் நமக்கு வந்துச்சான்னுதான் கேள்வி.

நடக்கப் போகலாம்னா, "வேலைவெட்டி இல்லாம திரியுறா பாரு"ன்னு ஒரு பேச்சு. தெருவிளக்கு எரியாது, நாய் துரத்தும். ஆம்பளைங்களுக்கு இந்தப் பேச்சு கிடையாது. 2023 நவம்பரில் தமிழக அரசு மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் நடைபாதைத் திட்டம் தொடங்கியது. ஆனா நம்ம தெருவுக்கு முதல்ல விளக்கு வேணும். அதை கிராம சபையில் குழுவாக மனு கொடுத்துக் கேளுங்க. டவுனில் இருப்பவங்க நகராட்சியில் கேட்கலாம்.

தையல், கடை வேலை செய்பவங்க நாலைந்து பேராகச் சேர்ந்து வாரத்தில் 5 நாள், 30 நிமிடம் கையை வீசி நடங்க. கூட்டமாகப் போனால் பேச்சும் குறையும், நாயும் ஒதுங்கும். ஒரேயடியா 30 நிமிடம் முடியலையா, 10 நிமிடமா மூணு தடவை போதும்.

தோட்ட வேலைக்குப் போறவங்களுக்கு நடைப் பாடம் சொல்ல எனக்கு மனசு வரலை. அவங்க கேட்க வேண்டியது வேறு. மதியம் நிழலில் உட்கார நேரம், குடிக்கத் தண்ணீர், வீடு திரும்பினா பாத்திரம் கழுவ இன்னொரு ஆள். குத்தவச்சே இருக்காம அப்பப்ப எழுந்து இடுப்பை நிமிர்த்துங்க. கையைத் தூக்கியே வேலை செய்பவங்க இடையிடையே கையைத் தொங்கவிட்டுத் தோளைச் சுழற்றுங்க.

நடக்கும்போது நெஞ்சு வலி, தலைசுற்றல் வந்தால் உடனே நிறுத்தி ஆஸ்பத்திரிக்குப் போங்க. ஏற்கெனவே சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவங்க, ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்க. அடுத்த கூட்டத்தில் சேமிப்பு எழுதி முடிச்சதும், உங்க குழுவிலும் "நேற்று என்ன செஞ்சீங்க"ன்னு ஒரு சுற்று கேட்டுப் பாருங்க.