கேள்வி கேட்கக் கற்பிக்கும் அதிகாரி

கட்டளைக்குக் கீழ்ப்படிய வேண்டும். எந்த நாட்டுப் படையிலும் ஒரு வீரர் முதலில் கற்றுக்கொள்வது இதுதான். அப்படிப்பட்ட இடத்தில், “எல்லாக் கட்டளைக்கும் கீழ்ப்படிய வேண்டுமா?” என்று மாணவர்களைக் கேட்பதையே பணியாகக் கொண்ட ஆசிரியர்களும் இருக்கிறார்கள்.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், ஹட்சன் ஆற்றங்கரையில் வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்விக்கழகம் அமைந்துள்ளது. இது 1802ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. இங்கு நான்கு ஆண்டுகள் பயின்று பட்டம் பெறுவோர் இளம் அதிகாரிகளாகப் படையில் சேர்கின்றனர். கணிதம், அறிவியல், உடற்பயிற்சி ஆகியவற்றோடு சட்டமும் தத்துவமும் அவர்களுக்குக் கட்டாயப் பாடங்கள்.

சட்டம் கற்பிப்போரில் பலர் படையின் சட்ட அதிகாரிகள். முறையாகச் சட்டம் பயின்று, வழக்கறிஞராகத் தகுதி பெற்ற பிறகு சீருடை அணிந்தவர்கள். தத்துவ ஆசிரியராகும் வழி வேறு. படையில் சில ஆண்டுகள் வீரர்களை வழிநடத்திய ஓர் அதிகாரி இப்பணிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டால், படையே அவரைப் பல்கலைக்கழகத்திற்கு அனுப்பி முதுகலைப் பட்டம் பெறச் செய்கிறது. நேற்றுவரை களத்தில் நின்றவர், இன்று நூலகத்தில் அரிஸ்டாட்டிலோடும் காண்ட்டோடும் மல்லுக்கட்ட வேண்டும்! படிப்பு முடிந்ததும் சில ஆண்டுகள் கற்பித்துவிட்டு, மீண்டும் படைப்பணிக்குத் திரும்புவார். முனைவர் பட்டம் பெற்ற, சீருடை அணியாத பேராசிரியர்களும் இவர்களோடு பணியாற்றுகிறார்கள்.

இவ்வகுப்புகளில் பேசப்படும் நிகழ்வுகளுள் ஒன்று வியட்நாம் போரின்போது நடந்தது. 1968ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் நாள், மை லாய் என்னும் சிற்றூருக்குள் அமெரிக்க வீரர்கள் புகுந்தனர். ஆயுதம் ஏந்தாத முதியோர், பெண்கள், குழந்தைகள் என நூற்றுக்கணக்கானோரைக் கொன்றனர். அங்கிருந்த அதிகாரிகளுள் ஒருவர் வில்லியம் கேலி. பின்னர் இராணுவ நீதிமன்றத்தில் நின்றபோது, மேலதிகாரியின் கட்டளையையே தாம் நிறைவேற்றியதாக அவர் கூறினார். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 1971ஆம் ஆண்டில் அவர் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டது.

அதே நாளில், ஹியூ தாம்சன் என்னும் விமானி வானிலிருந்து இக்கொடுமையைக் கண்டார். தம் ஹெலிகாப்டரைக் கிராம மக்களுக்கும் சொந்த நாட்டு வீரர்களுக்கும் இடையே இறக்கினார். மக்களைச் சுட்டால் அவ்வீரர்களையே திருப்பிச் சுடுமாறு தம் குழுவினரிடம் சொல்லிவிட்டு, பதுங்கியிருந்தவர்களை மீட்க முனைந்தார். இதற்காக 1998ஆம் ஆண்டில் அவருக்கு வீரப் பதக்கம் வழங்கப்பட்டது. கேலி, தாம்சன் இருவருக்கும் அன்று வயது 24. வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவர்களைவிடச் சில வயதே மூத்தவர்கள்.

இதைக் கேட்டதும், தீய கட்டளையை மறுப்பது எளிது என்று தோன்றலாம். சட்ட ஆசிரியர் அதோடு விடமாட்டார். மேலதிகாரியின் கட்டளை சட்டப்படி சரியானது என்றே முதலில் கருதப்படும். முறையான கட்டளையை மறுப்பதும் குற்றமே. மறுத்தவரின் எண்ணம் தவறாக இருந்தால் தண்டனை அவருக்குத்தான். மக்களைக் கொல்லச் சொல்வது அப்பட்டமான குற்றம், அதில் ஐயமில்லை. ஆனால், எதிரி ஒளிந்திருக்கும் வீட்டில் குழந்தைகளும் இருக்கக்கூடும் என்றால்? அங்கே சட்டநூல் மட்டும் போதாது. தத்துவ வகுப்பு அங்குதான் தொடங்குகிறது.

ஆசிரியருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அவர் மேஜராக இருப்பார். எதிரே இருப்பவர்களோ உயர் அதிகாரி சொன்னால் உடனே தலையசைக்கப் பழகியவர்கள். அவர் வேண்டுமென்றே தவறான வாதம் ஒன்றை முன்வைத்தாலும், “ஆம், ஐயா” என்று எழுதிக்கொள்வார்கள். “ஐயா, நீங்கள் சொல்வது சரியில்லை” என்று ஒரு குரல் எழும்வரை அவர் காத்திருக்க வேண்டும். சில வாரங்கள்கூட ஆகலாம்.