லிங்கரும் லோடரும்



கணிப்பொறித் துறைக்குப் புதிதாக வரும் நம் மாணவர்கள் ஆண்டுதோறும் என்னிடம் கொண்டுவரும் வினா ஒன்று உண்டு. "நிரல் பிழையின்றிக் கம்பைல் ஆயிற்று, ஓட்டினால் மட்டும் நூலகத்தைக் காணோம் என்கிறதே! அருகிலேதான் கிடக்கிறது!" என்பர். நியாயமான வினாவே.

பகிர்வு நூலகத்தைத் தேடுவோர் இருவர். நிரலை ஆக்கும்போது தேடுவது லிங்கர். ஓட்டும்போது தேடுவது லோடர். லினக்ஸில் நூலகம் உள்ள இடத்தை நாம் லிங்கருக்குச் சொல்கிறோம். அதுவோ நிரலுக்குள் நூலகத்தின் பெயரை மட்டுமே குறித்து வைக்கிறது, இடத்தைக் குறிப்பதில்லை. பின்னர் வரும் லோடர், நிரலில் ஆர்பாத் எழுதியிருந்தால் அதிலும், எல்டி லைப்ரரி பாத் என்னும் சூழல் மாறியிலும், எல்டிகான்ஃபிக் தொகுத்த பட்டியலிலும், வழக்கமான லிப் கோப்புறைகளிலும் தேடும். நாம் நிற்கும் கோப்புறை இவற்றுள் இல்லை. ஆர்பாத்தில் 'டாலர் ஆரிஜின்' என்று எழுதினால், நிரல் இருக்கும் கோப்புறையையும் பார்க்கும், குறை தீர்ந்தது.

விண்டோஸில் இத்தொல்லை குறைவு. நிரல் உள்ள கோப்புறையை அது தொடக்கத்திலேயே பார்த்துவிடும். நாம் நிற்கும் கோப்புறையையும் ஒருகாலத்தில் அடுத்தபடியாகவே பார்த்தது. தீயவன் ஒருவன் அங்கே போலி டிஎல்எல் ஒன்றைப் போட்டு வைத்தால் என்னாவது? ஆகவே 2004-இல் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2 அதனைப் பின்னுக்குத் தள்ளிற்று.

மேக்கில் நூலகமே தன் இருப்பிடத்தைத் தனக்குள் எழுதி வைத்திருக்கும்; லிங்கர் அதனை நிரலுக்குள் படியெடுக்கும். பிறகு நூலகத்தை இடம் மாற்றினால் நிரல் பழைய முகவரிக்கே போய் நிற்கும்.

இவையெல்லாம் சிறு தொல்லைகள், பிழைச்செய்தியாவது வந்துவிடும். நான் அஞ்சுவது வேறொன்றுக்கு. விண்டோஸும் மேக்கும் இன்ன ஃபங்ஷன் இன்ன நூலகத்தினது என்று குறித்துக்கொள்கின்றன. லினக்ஸ் பொதுவாக அவ்வாறு செய்வதில்லை. பெயரைக் கொண்டு வரிசையாகத் தேடி, முதலில் அகப்பட்டதையே எடுத்துக்கொள்ளும். இரு நூலகங்களில் 'இனிட்' என்ற பெயர் இருந்தால், இரண்டாம் நூலகம் தன்னுடையதை அழைப்பதாக நினைத்து முதல் நூலகத்தினதை அழைத்துவிடக்கூடும். செய்தி ஏதும் வராது, விடைதான் தவறும். ஆராய்ச்சிக் கணக்குப் போடுவோர் இதனை நன்கு மனத்திற் கொள்க. வெளிக்குத் தேவையற்ற பெயர்களை 'ஸ்டாடிக்' என்று மறைத்துவிடுங்கள்.

எந்த நூலகம் எங்கிருந்து வருகிறது என்பதை லினக்ஸில் எல்டிடி காட்டும். ஆனால் முன்பின் அறியாதவர் தந்த நிரலின்மீது அதனை ஏவாதீர்கள்; சிலவேளை அந்நிரலே ஓடிவிடும்.