குறட்டையும் கீழ்த்தாடையும்: உறக்கத்தில் மூச்சு தடைப்படுவதைப் புரிந்துகொள்வோம்

ஜேடர்பாளையத்திலும் அதைச் சூழ்ந்த காவிரிக்கரை ஊர்களிலும் லாரி ஓட்டிப் பிழைக்கும் குடும்பங்கள் பல உண்டு. பல நாள் வெளிமாநிலம் சென்று திரும்பிய ஓட்டுநர் ஒருவர் வீட்டில் படுத்துறங்குவதை எண்ணிப் பாருங்கள். படுத்த சிறிது நேரத்தில் உரத்த குறட்டை எழுகிறது. அலுப்பு மிகுதி என்று வீட்டார் அமைதி கொள்கின்றனர். திடீரென்று குறட்டை நின்றுவிடுகிறது. மார்பும் வயிறும் ஏறி இறங்க முயல்கின்றன. ஆனால் மூச்சு ஓடும் ஒலி இல்லை. பத்து, இருபது விநாடிகளுக்குப் பின் ஒரு திணறலுடன் மூச்சு மீள்கிறது. அருகே படுத்திருக்கும் மனைவி இதை ஒவ்வோர் இரவும் கேட்கிறார். உறங்குபவருக்கோ காலையில் எதுவும் நினைவில் இருப்பதில்லை.

இதுவே உறக்கத்தில் ஏற்படும் மூச்சுத் தடை நோய். இந்நோய் பருத்த உடலினருக்கு மட்டுமே வரும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. உடல் எடை முக்கியமான காரணமே ஆயினும் அது ஒன்றே காரணமன்று. கீழ்த்தாடையின் அளவும் அது அமைந்திருக்கும் இடமும் மூச்சுவழியின் அகலத்தைத் தீர்மானிக்கின்றன. ஆகையால் மெலிந்த உடலினரும் இந்நோய்க்கு ஆளாகலாம். இந்தத் தொடர்பை நோயாளிகளும் குடும்பத்தாரும் அறிந்துகொள்வதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

மூச்சுவழி அடைபடுவது எவ்வாறு?

ஜேடர்பாளையத்தில் காவிரியிலிருந்து பிரியும் ராஜா வாய்க்காலை நம் வாசகர் பலர் அறிவர். கல்லும் சிமெண்டும் கொண்டு கட்டிய கரை தானே உறுதியாக நிற்கும். மண்கரை இளகினால் சரிந்து நீரைத் தடுக்கும். நம் மூச்சுக்குழாயைச் சுற்றிக் குருத்தெலும்பு வளையங்கள் உள்ளன. அது கட்டிய கரையை ஒத்தது. அதற்கு மேலுள்ள தொண்டைப் பகுதிக்கு அத்தகைய வளையங்கள் இல்லை. அதன் சுவர்கள் தசையால் ஆனவை. விழித்திருக்கும்போது தசைகள் இறுகி நின்று வழியைத் திறந்து வைக்கின்றன. உறங்கும்போது அவை தளர்கின்றன. வழி ஏற்கெனவே குறுகியிருப்பின், தளர்ந்த தசைகள் ஒன்றோடொன்று ஒட்டி அதனை அடைத்துவிடுகின்றன.

தாடையின் பங்கு இங்கேதான் வருகிறது. நாக்கை முன்னோக்கி இழுத்துப் பிடிக்கும் முதன்மைத் தசை, கீழ்த்தாடை எலும்பின் உட்புறத்தில், முகவாய்க்குப் பின்னால் பொருந்தியிருக்கிறது. கீழ்த்தாடை சிறியதாகவோ பின்தள்ளியோ இருந்தால் நாக்கும் அதனுடன் பின்னே நிற்கும். மல்லாந்து உறங்கும்போது நாக்கின் அடிப்பகுதி தொண்டையை நோக்கிச் சரியும். நினைவிழந்தவரின் மூச்சுவழியைத் திறக்க, மருத்துவர்கள் அவருடைய கீழ்த்தாடையை இரு கைகளாலும் முன்னோக்கித் தூக்குவதைச் சிலர் கண்டிருப்பீர்கள். தாடை முன்னே வரும்போது நாக்கும் முன்னே வந்து வழி திறக்கிறது. பின்னர்க் கூறவிருக்கும் சில சிகிச்சைகளுக்கும் இதுவே அடிப்படை.

இந்த உண்மை புதிதன்று. சிறிய கீழ்த்தாடையுடன் பிறக்கும் குழந்தைகளின் நாக்கு பின்னே சரிந்து மூச்சைத் தடுப்பதை, பிரான்ஸ் நாட்டு மருத்துவர் பியர் ரொபேன் 1923ஆம் ஆண்டிலேயே விவரித்தார். அக்குறைபாடு இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. வாயைத் திறந்து நாக்கை நீட்டச் சொல்லி, உள்நாக்கும் அண்ணமும் எவ்வளவு தெரிகின்றன என்று மருத்துவர் பார்ப்பதுண்டு. அந்த எளிய சோதனையை 1985இல் வகுத்தளித்தவர் இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய மயக்க மருந்தியல் மருத்துவர் மல்லம்பட்டி ஆவார்.

தாடை மூட்டு நோய்களும் உறக்கமும்

காதுக்குச் சற்று முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடினால் அசைவதே தாடை மூட்டு. சிறு வயதில் முகவாய் தரையில் மோத விழுந்த குழந்தைக்கு, மோவாயில் உள்ள காயம் மட்டும் தைக்கப்பட்டு, மூட்டில் ஏற்பட்ட முறிவு கவனிக்கப்படாமல் போகலாம். காதில் தோன்றிய சீழ் மூட்டுக்குப் பரவுவதும் உண்டு. இவற்றால் மூட்டு எலும்போடு எலும்பாக இணைந்து இறுகிவிட நேரிடும். குழந்தையால் வாயைத் திறக்க இயலாது. வளரும் பருவத்தில் இவ்வாறு நேர்ந்தால் கீழ்த்தாடையின் வளர்ச்சியும் குன்றும், முகவாய் உள்வாங்கும், மூச்சுவழி குறுகும். இக்குழந்தைகள் உறக்கத்தில் திணறுவதையும், உட்கார்ந்தபடியே உறங்க விரும்புவதையும் பெற்றோர் சொல்லக் கேட்கிறோம். மூட்டை விடுவிக்கும் அறுவை சிகிச்சைக்கு முன் உறக்கப் பரிசோதனையும் செய்வது நன்று. வாய் திறந்தால் போதும் என்று எண்ணி மூச்சுவழியை மறந்துவிடலாகாது.

விழுந்து முகவாயில் அடிபட்ட குழந்தைக்கு வாய் திறப்பது குறைந்தாலோ, கடிக்கும்போது வலித்தாலோ, பற்கள் முன்போல் பொருந்தாவிட்டாலோ உடனே பல் மருத்துவரிடம் அல்லது தாடை அறுவை மருத்துவரிடம் காட்டுங்கள்.

உறக்கத்தில் பற்களை நறநறவென்று கடிப்போர் சிலருக்கு மூச்சுத் தடையும் சேர்ந்து காணப்படுகிறது. காலையில் தாடை வலி, நெற்றிப்பொட்டில் வலி, தேய்ந்த பற்கள் ஆகியவை இதன் அடையாளங்கள். மூச்சுத் தடையே பற்கடிப்புக்குக் காரணம் என்று எல்லோரிடமும் கூற இயலாது. இரண்டும் தனித்தனியே அமையவும் கூடும். ஆயினும் பற்களைக் காப்பதற்காக மேல்தாடையில் மட்டும் அணியும் தட்டு, சிலரிடம் மூச்சுத் தடையை மிகுவிக்கக்கூடும். ஆதலால் குறட்டையும் பகலுறக்கமும் உள்ளவர்கள், அத்தகைய தட்டைப் பெறுமுன் அவற்றைப் பல் மருத்துவரிடம் தவறாது கூற வேண்டும்.

குழந்தைகளிடம் கவனிக்க வேண்டியவை

குழந்தைகளிடம் மூச்சுத் தடைக்குப் பெரும்பாலும் காரணம் வீங்கிய டான்சிலும் மூக்கின் பின்னுள்ள அடினாய்டு திசுவும் ஆகும். மூக்கு அடைபட்ட குழந்தை வாயால் மூச்சு விடும். இந்நிலை ஆண்டுக்கணக்கில் நீடித்தால் முகம் நீண்டும் மேலண்ணம் குறுகியும் வளர வாய்ப்புண்டு. அன்றாடம் குறட்டை, வாய் திறந்த உறக்கம், இரவில் மிகுந்த வியர்வை, மீண்டும் தொடங்கிய படுக்கை நனைத்தல், பள்ளியில் கவனக் குறைவு ஆகியவற்றைக் கண்டால் காது மூக்கு தொண்டை மருத்துவரை அணுகுங்கள். குழந்தை குறட்டை விடுவதை ஆழ்ந்த உறக்கத்தின் அறிகுறி என்று மகிழ வேண்டாம்.

பரிசோதனை

ஓர் இரவு உறக்கத்தின்போது மூச்சோட்டம், மார்பு அசைவு, இரத்தத்தின் ஆக்சிஜன் அளவு, இதயத் துடிப்பு ஆகியவற்றைக் கருவிகள் பதிவு செய்கின்றன. பெரியவர்களிடம் குறைந்தது 10 விநாடி மூச்சு நிற்பதையோ வெகுவாகக் குறைவதையோ ஒரு நிகழ்வாகக் கணக்கிடுவர். மணிக்கு 5 முதல் 15 வரை நிகழ்ந்தால் லேசான நோய். 15 முதல் 30 வரை நடுத்தரம். 30க்கு மேல் கடுமையானது. மணிக்கு 30 என்றால், சராசரியாக இரண்டு நிமிடத்திற்கு ஒருமுறை உறக்கம் குலைகிறது என்று பொருள். எட்டு மணி நேரம் படுத்தும் அலுப்புத் தீராததன் காரணம் இதுவே. கட்டுக்குள் வராத இரத்த அழுத்தத்திற்கும் இந்நோய் காரணமாகலாம்.

சிகிச்சை

நடுத்தர, கடுமையான நோய்க்கு முதன்மையான சிகிச்சை சிபாப் கருவி. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் 1981இல் இதனை அறிமுகப்படுத்தினார். முகமூடி வழியே வரும் காற்றழுத்தம் தொண்டை மூடாதவாறு தாங்குகிறது. இது ஆக்சிஜன் சிலிண்டர் அன்று. கருவி செலுத்துவது அறையின் காற்றையே. ஒவ்வோர் இரவும் அணிந்தால்தான் பயன் கிட்டும். முதல் சில வாரங்கள் சிரமமாக இருக்கலாம். முகமூடி பொருந்தாவிட்டால் மாற்றித் தருமாறு கேளுங்கள், கைவிட்டுவிடாதீர்கள்.

லேசான அல்லது நடுத்தர நோய் உள்ளவர்களுக்கும் சிபாப் ஒத்துவராதவர்களுக்கும், கீழ்த்தாடையை முன்னிறுத்தும் வாய்க்கருவி உதவும். மேல், கீழ் இரு பல்வரிசையிலும் பொருந்தும் இதனைப் பயிற்சி பெற்ற பல் மருத்துவர் அளவெடுத்துச் செய்ய வேண்டும். போதிய உறுதியான பற்கள் தேவை. தாடை மூட்டில் கடும் வலி உள்ளவர்களுக்கும், பாக்கு மெல்லும் பழக்கத்தால் வாயின் உட்தசை இறுகி வாய் திறப்பது குறைந்தவர்களுக்கும் இது பொருந்தாமல் போகலாம். அணியத் தொடங்கிய நாள்களில் காலையில் தாடை வலியும் உமிழ்நீர்ப் பெருக்கும் தோன்றிப் பெரும்பாலும் குறையும். நீண்ட காலம் அணிந்தால் பற்களின் பொருத்தம் சற்று மாறலாம். குறட்டை நின்றுவிட்டது என்பதால் நோய் நீங்கியது என்று முடிவு செய்யாமல், கருவியை அணிந்தபடியே மீண்டும் உறக்கப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

தாடை அமைப்பே முதன்மைக் காரணமாக உள்ள சிலருக்கு, இரு தாடைகளையும் ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் முன்னகர்த்தும் அறுவை சிகிச்சை செய்யப்படுகிறது. எடை குறைத்தல், ஒருக்களித்துப் படுத்தல், மதுவைத் தவிர்த்தல், மருத்துவர் கூறாத தூக்க மாத்திரைகளை உட்கொள்ளாமை ஆகியவை அனைவருக்கும் துணை செய்யும்.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள்

இந்நோயை முதலில் அறிபவர் நோயாளி அல்லர், அவரருகில் உறங்குபவரே. நீங்கள் கண்டதை மருத்துவரிடம் கூறுவது குறை சொல்வதாகாது. மருத்துவமனைக்கு வருமுன் கீழ்க்கண்டவற்றைச் செய்யுங்கள்:

• குறட்டையும் மூச்சு நிற்பதும் கேட்குமாறு சில நிமிடம் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள்.

• பகலில் எப்போதெல்லாம் உறக்கம் வருகிறது, காலையில் தலைவலியோ தாடை வலியோ உண்டா என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள்.

• வாய் எவ்வளவு திறக்கிறது என்று பாருங்கள். பெரியவர்கள் பெரும்பாலோர் தம் விரல்கள் மூன்றை மேல், கீழ் முன்பற்களுக்கு இடையே செங்குத்தாக வைக்க இயலும்.

• உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியலைக் கொண்டுவாருங்கள். எந்த அறுவை சிகிச்சைக்கும் முன்னர் மூச்சுத் தடை இருப்பதை மயக்க மருந்து மருத்துவரிடம் கூறுங்கள்.

வாகனம் ஓட்டும்போது கண் அயர்ந்த அனுபவம் ஒருமுறை ஏற்பட்டிருந்தாலும், பரிசோதித்துச் சிகிச்சை பெறும்வரை ஓட்ட வேண்டாம். ஒரு நடை வாடகை போவது குடும்பத்திற்கு எத்தகைய இழப்பு என்பதை நாங்கள் அறிவோம். ஆயினும் தேநீரும் முகத்தில் தெளிக்கும் நீரும் இந்த உறக்கத்தைத் தடுத்து நிறுத்தமாட்டா. உரிய சிகிச்சையைத் தொடர்ந்து மேற்கொண்டால், விழிப்புடன் மீண்டும் வண்டியில் அமர்ந்து தொழிலைத் தொடரப் பெரும்பாலோரால் இயலும்.